எலும்புருக்கியும் எடைக்கருவியும்

முன்னுரை

நெல்லைச் சீமை தமிழ்ச் சிறுகதைக்கு ஈந்த பெருங்கொடை புதுமைப்பித்தன். நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்ற அவர், 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காசநோய்க்கு இரையானபோது அகவை நாற்பத்திரண்டே. அந்நோய்க்கு எதிராக முதன்முதலில் வெற்றி கண்ட மருந்தாகிய ஸ்டிரெப்டோமைசின் 1943இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. எனினும் நம் நாட்டு எளியோர்க்கு அஃது அன்று எட்டாக்கனியாகவே இருந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசநோய்க்குரிய சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரும்பாலோர் ஆறு திங்கள் மருந்துண்டு நலம் பெறுகின்றனர். ஆயினும் உலகக் காசநோயாளர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியராகவே இருக்கிறார். மருந்து கைக்கெட்டிய பின்னரும், அதனை உண்ணத் தொடங்கிய ஓரிரு திங்களுக்குள் உயிர் துறப்போர் உளர். மருந்திருந்தும் மரணம் நேர்வது ஏன் என்னும் வினாவிற்குத் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் நிகழ்ந்த ஆய்வுகள் கூறும் விடையை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நோய்க்கு மூன்று பெயர்கள்

இந்நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் மூன்று. காசம் என்பது இருமலைக் குறிப்பது. க்ஷயம் என்னும் வடசொல் தேய்தலைக் குறிப்பது. எலும்புருக்கி என்பதோ உடல் உருகி எலும்பும் தோலுமாவதைக் கண்முன் நிறுத்துவது. முதற்பெயர் நோயின் அறிகுறியைச் சொல்ல, ஏனைய இரண்டும் நோயாளியின் நிலையைச் சொல்கின்றன.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதன்பின் மருத்துவ உலகின் கவனம் கிருமியின்மீதே குவிந்தது. சளியில் கிருமி உண்டா, மருந்தால் அஃது அழிந்ததா என்பனவே தலையாய வினாக்களாயின. அவை தேவையான வினாக்களே என்பதில் ஐயமில்லை. ஆனால் எலும்புருக்கி என்னும் பெயர் உணர்த்திய உண்மை, அதாவது உடல் தேய்வு, நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அக்காரணம் சென்னையில் நிகழ்ந்த புகழ்பெற்ற ஓர் ஆய்விலேயே பிறந்தது.

சென்னை காட்டிய புதுவழி

மருந்துகள் தோன்றுமுன் காசநோயாளர்க்கு ஓய்வும் தூய காற்றும் ஊட்டமிக்க உணவுமே மருந்தாகக் கருதப்பட்டன. அவற்றை வழங்குவதற்கென ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. நமக்கு அண்மையில், குமரி மாவட்டத்து ஆசாரிபள்ளத்திலும் காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது; அவ்விடத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. ஆனால் நாட்டில் நோயாளர் பல இலட்சமாகவும், படுக்கைகள் சில ஆயிரமாகவும் இருந்தமையால், சானடோரியம் பலர்க்குக் கனவாகவே முடிந்தது.

இந்நிலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுவது அதுவே. நகரின் ஏழை மக்களுள் காசநோயுற்ற 193 பேரை அந்நிலையத்தார் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மறுபிரிவினர் தத்தம் இல்லத்திலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஒரே மருந்துகளே தரப்பட்டன.

1959இல் வெளிவந்த முடிவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்து, குறைந்த உணவுண்டு, போதிய ஓய்வுமின்றி மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராக நலம் பெற்றிருந்தனர். வீட்டில் உடனிருந்தோர்க்கு நோய் தொற்றியதும் மிகுதியாக இல்லை. இதன் பயனாகவே, காசநோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்னும் கொள்கை உலகெங்கும் வேரூன்றியது. குடும்பத்தைப் பிரிந்து, பிழைப்பையும் இழந்து சானடோரியத்தில் கிடக்கவேண்டிய கட்டாயத்தினின்று எண்ணற்றோரை விடுவித்த பெருமை அவ்வாய்விற்கு உரியது.

ஆயினும் அவ்வாய்வினின்று மற்றொரு கருத்தும் பிறந்தது. சானடோரியத்தில் இருந்தோர் நல்லுணவு உண்டு மிகுந்த எடை பெற்றனர். வீட்டில் இருந்தோர் அத்துணை எடை பெறவில்லை. ஆனால் கிருமி அழிந்த அளவில் இரு சாராரிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, தக்க மருந்து இருக்குமானால் உணவு இன்றியமையாததன்று என்று பலரும் முடிவுசெய்தனர். எடைக்கருவி ஒரு மூலைக்குச் சென்றது.

இரு வினாக்கள், இரு விடைகள்

அறுபது ஆண்டுகளுக்குப்பின் அம்முடிவு மீளவும் ஆராயப்பட்டது. சார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ‘ரேஷன்ஸ்’ என்னும் பெயரால் ஓர் ஆய்வு நடைபெற்றது. மங்களூரைச் சார்ந்த மருத்துவப் பேராசிரியர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் இதனை முன்னின்று நடத்தினர். சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

நுரையீரல் காசநோயாளர் 2,800 பேரும், அவர்தம் இல்லத்தார் 10,345 பேரும் இவ்வாய்வில் இடம்பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் ஆகியன அடங்கிய 10 கிலோ உணவுப்பொதி திங்கள்தோறும் வழங்கப்பட்டது. இல்லத்தாரைப் பொறுத்தவரை, குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பிரிவினர்க்கு மட்டும் ஆளுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் அளிக்கப்பட்டன.

2023 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழ்களில் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற இல்லத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறர்க்குத் தொற்றவல்ல நுரையீரல் காசநோயோ 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறத்தாழ முப்பது குடும்பங்களுக்கு உணவளித்தால், புதிதாக ஒருவர் நோயுறுவதைத் தடுக்கலாம் என ஆய்வாளர் கணித்தனர்.

நோயாளர்பற்றிய செய்தியும் சிந்தனைக்குரியது. அவர்களுள் ஐவரில் நால்வர் உடல் மெலிந்தவர். ஏறத்தாழப் பாதிப்பேர் மிகவும் மெலிந்தவர். மருந்து தொடங்கிய முதல் இரு திங்களுக்குள் எடை ஐந்து விழுக்காடு கூடியோரிடையே இறப்பின் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. 40 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு ஐந்து விழுக்காடு என்பது இரண்டே கிலோ. அவ்விரு கிலோவில் உயிரே ஊசலாடுகிறது.

அங்ஙனமாயின் 1959ஆம் ஆண்டின் சென்னை ஆய்வு பிழையானதா? அன்று. இரு ஆய்வுகளும் வெவ்வேறு வினாக்களை எழுப்பின. கிருமியை அழிப்பது எது என்பது முதல் வினா. அதற்கு மருந்து என்பதே விடை, இன்றும் அதுவே விடை. உயிரைத் தாங்குவது எது, உடனிருப்போரைக் காப்பது எது என்பன அடுத்த வினாக்கள். அவற்றிற்கு உணவும் ஒரு விடையாகும். மெலிந்த உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. உள்ளே உறங்கிக்கிடக்கும் கிருமி அதனால் விழித்தெழுகிறது. எழுந்த நோய் பசியை அடக்கி உடலை மேலும் உருக்குகிறது. இச்சுழலை அறுக்க மருந்தும் வேண்டும், உணவும் வேண்டும். உணவு மட்டும் போதும் என்று மருந்தை நிறுத்துவோர் தம் உயிர்க்குத் தாமே உலை வைப்பவராவர்.

தமிழ்நாட்டின் முயற்சி

இவ்வறிவைச் செயலாக்கும் முயற்சியில் தமிழ்நாடு முன்னிற்கிறது. தமிழக அரசின் காசநோய்ப் பிரிவும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் இணைந்து, 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கின. காசநோய் என உறுதியானவுடனே ஒவ்வொருவரிடமும் சில அளவுகளைக் காண்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. மூச்சின் வேகம் எண்ணப்படுகிறது. விரல்நுனியில் பொருத்தும் சிறு கருவியால் குருதியின் உயிர்வளி அளவு அறியப்படுகிறது. துணையின்றி எழுந்து நிற்க இயலுமா என்பதும் நோக்கப்படுகிறது. இவற்றுள் ஒன்றில் பெருங்குறை காணப்படினும், அவர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார்.

எடையைப் பற்றிய கணக்கு எளியது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கவேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பெண்ணொருத்தியின் எடை 36 கிலோ எனில், குறியெண் 16 ஆகும். 18.5க்குக் கீழ்ப்பட்டால் மெலிவு. 16க்குக் கீழ்ப்பட்டால் கடும் மெலிவு. 14 அல்லது அதற்குக் குறைவு எனில், உடனே மருத்துவமனை சேரவேண்டிய நிலை என இத்திட்டம் கொள்கிறது.

எல்லார்க்கும் படுக்கை வேண்டியதில்லை என 1959இல் உலகிற்கு உணர்த்திய மாநிலம், சிலர்க்குப் படுக்கை உடனே வேண்டும் என்பதையும், அச்சிலர் யாவர் என்பதையும் இன்று கண்டுகாட்டுகிறது. மேற்கூறிய அளவுகளைக் காண மருத்துவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரே காணலாம். எனவே இது மருத்துவக் கல்விக்கும் ஒரு பாடமாகும். எக்ஸ்ரே படத்தை நுணுகிக் காணப் பயிலும் மாணவர், எடைக்கருவியின் முள்ளையும் அதே கருத்துடன் காணப் பயிலவேண்டும். 1965 முதல் நடந்துவரும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயில்வோர்க்கும், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர்க்கும் இஃது ஒக்கும். காசநோய் மாத்திரைகளின் எண்ணிக்கையே நோயாளியின் எடையைக்கொண்டு வகுக்கப்படுவது என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

நம் ஊரும் நம் கடமையும்

சார்க்கண்டின் மலைச்சிற்றூர்களும் தாமிரபரணிக் கரையும் ஒன்றல்ல. நெல் விளையும் நம் நிலத்தில் நியாயவிலைக் கடையின் அரிசி வீடுதோறும் சேர்கிறது. ஆயினும் வயிறு நிறைவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. பருப்பும் முட்டையும் பாலும் எல்லார் இல்லங்களிலும் நாள்தோறும் உளவா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் ஆகிய வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றிக் குடும்பம் காக்கின்றனர். முறம் மடியில் இருக்கும் வரை கூலி. நோயால் ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை. கணவரும் மக்களும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமுள்ள வீட்டில், நோயுற்ற தாய்க்கென வரும் முட்டையும் பிள்ளைகளின் இலைக்கே செல்லும். நோயாளியின் உணவு குடும்பத்தின் உணவினின்று பிரிக்க இயலாதது என்பதாலேயே, இல்லத்தார்க்கும் உணவளித்த மேற்கூறிய ஆய்வு நமக்கும் பொருந்துகிறது.

நோயை மறைக்கும் வழக்கம் இன்னும் கொடியது. திருமணமாகாத பெண்ணுக்கு எலும்புருக்கி என்று ஊரார் அறிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என அஞ்சி, இருமலைச் சளித்தொல்லை என்றே திங்கள் கணக்கில் சொல்லி வருவோர் உளர். மறைக்கும் ஒவ்வொரு வாரமும் எடை குறைகிறது, வீட்டார்க்கும் தொற்றுகிறது. இரு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மாலைதோறும் காய்ச்சல் கண்டாலோ சளியைச் சோதித்தறிவதே அறிவுடைமை. முறையாக மருந்துண்டு குணமானவர் எவரையும் போல மணந்து வாழலாம்.

நோயாளர்க்கு ஊட்டவுணவிற்கென நடுவணரசு 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இதனைப் பெறாதவர் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். மேலும், தனியாரும் அமைப்புகளும் நோயாளர்க்கு உணவுப்பொதி வழங்க வழிசெய்யும் நிக்ஷய் மித்ரா என்னும் ஏற்பாடு 2022இல் தொடங்கப்பட்டது. ஜமாஅத்துகளும் சங்கங்களும் ஊர்ப் பெரியோரும் இதன்வழி உதவலாம். பெயரை வெளியிடாமல், உணவு மட்டும் இல்லம் சேருமாறு செய்தல் இன்னும் சிறப்பு.

முடிவுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. அதன் பெரும்பகுதி உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் நான்காவதாக எண்ணுகிறது. மருத்துவரும் மருந்தும் இன்று நமக்குக் கிட்டியுள்ளன. அந்த நான்காம் இடமே இன்னும் நிரம்பாதது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்குச் செல்லும் மாணவர் ஓர் எடைக்கருவியையும் ஓர் அளவுநாடாவையும் உடன் கொண்டு செல்லலாம். ஆசிரியர் இந்நோயைப் பற்றி அச்சம் நீக்கும் தெளிந்த தமிழில் எழுதலாம். பெரியோர் அதன் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லும் வழக்கத்தை விட்டு, ஊர்க்கூட்டத்திலேயே எடுத்துப் பேசலாம். இவற்றுள் ஒன்றிற்கும் பெரும்பொருள் தேவையில்லை. இரண்டு கிலோ எடை ஓர் உயிரைத் தாங்கும் என்று ஆய்வு காட்டிய பின்னரும் அதனை அளந்து பாராதிருத்தல் நமக்குத் தகுமா என்பதே எண்ணத்தக்கது.