கணினிப் பெயரும் வழுநீக்கி இணைப்பும்

ஹோஸ்ட்நேம் எனப்படும் கணினிப் பெயர், பிணையத்தில் ஒரு கணினியை எண்களுக்குப் பதிலாகச் சொல்லால் அடையாளப்படுத்த உதவுகிறது. இப்பெயர் தவறான ஐபி முகவரியைச் சுட்டினால், நிரலில் பிழை ஏதும் இல்லாதபோதும் வழுநீக்கி அந்நிரலுடன் இணைய இயலாமல் போகலாம்.

காரணம்

ஒரே கணினியில் இருந்தாலும் வழுநீக்கியும் அது ஆராயும் நிரலும் தனித்தனியே இயங்குபவை. ஜாவா போன்ற மொழிகளில் இவை பெரும்பாலும் பிணைய இணைப்பு வழியாகவே தொடர்பு கொள்கின்றன. வழுநீக்கி ஒரு போர்ட்டைத் திறந்து வைத்து, இன்ன பெயருடைய கணினியின் இன்ன போர்ட்டில் இணைக என்ற குறிப்புடன் நிரலைத் தொடக்கும். நிரல் அப்பெயருக்குரிய முகவரியை இயங்குதளத்திடம் கேட்கும். இயங்குதளம் வழக்கமாக ஹோஸ்ட்ஸ் கோப்பை முதலில் பார்க்கும். (1983ல் பால் மொக்கபெட்ரிசு ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைக்கும் முன், ஆர்ப்பாநெட் முழுமைக்கும் இத்தகைய ஒரே கோப்புதான் இருந்தது.)

எடுத்துக்காட்டாக, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகக் கணினிக்கு உரோம எழுத்துகளில் சிறுமலை எனப் பெயரிட்டு, அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 192.168.1.5 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். பின்னர் திசைவி அக்கணினிக்கு 192.168.1.9 என்ற முகவரியை வழங்கினால், நிரல் பழைய முகவரியையே தேடிச் செல்லும். அங்கு எக்கணினியும் இல்லையெனில் சற்றுக் காத்திருந்து தோல்வியுறும். வேறொரு மாணவரின் கணினி இருந்தால் இணைப்பு மறுக்கப்படலாம். மாணவரோ தம் நிரலையும் தீச்சுவரையும் ஐயுற்று நேரத்தை இழப்பார்.

சரிசெய்தல்

பிங் கட்டளையைக் கணினிப் பெயருடன் இயக்கினால் அப்பெயர் சுட்டும் முகவரி தெரியும். அது கணினியின் தற்போதைய முகவரியாகவோ 127 எனத் தொடங்கும் உள்முகவரியாகவோ இல்லையெனில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த வேண்டும். லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்பதற்கு 127.0.0.1 இருத்தல் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கணினிப் பெயருக்கு 127.0.1.1 என்ற வரி வழக்கமாக இருக்கும். கணினியின் பெயரை மாற்றும் கட்டளை இவ்வரியை மாற்றுவதில்லை. பெயர் மாற்றிய மறுநாள் வழுநீக்கி முரண்டு பிடித்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே. விண்டோஸில் நோட்பேடு இக்கோப்பின் பெயருடன் டிஎக்ஸ்டி என்ற ஒட்டைச் சேர்த்துவிடக்கூடும். அவ்வாறு சேமித்த கோப்பை இயங்குதளம் பொருட்படுத்தாது.

பெயரின் எழுத்துகளும் சிக்கல் தரலாம். மரபான விதிப்படி உரோம எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவை மட்டுமே ஏற்கத்தக்கவை. அடிக்கோடு உள்ள பெயரைச் சில ஜாவா நிரற்கூறுகள் ஏற்பதில்லை. தமிழில் எழுதிய பெயர் பியூனிகோட் முறையில் உரோம எழுத்துகளாக மாற்றப்பட்ட பின்னரே இணையத்தில் பயன்படும்.

தொலைக் கணினியில் வழுநீக்கல்

2017ல் வெளியான ஜாவா 9 முதல், போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் நிரல் உள்முகவரியில் மட்டுமே இணைப்பை ஏற்கும். எனவே பெயர் சரியாக இருந்தும் பிற கணினியிலிருந்து இணைய இயலாது. எண்ணுக்கு முன் உடுக்குறி இட்டால் எல்லா முகவரிகளிலும் ஏற்கும். ஆயினும் இந்நெறிமுறையில் கடவுச்சொல் இல்லை. போர்ட்டை அடைய இயன்ற எவரும் அக்கணினியில் தம் கட்டளைகளை இயக்கலாம். ஆகவே உடுக்குறிக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சுரங்கவழியைப் பயன்படுத்துவதே தக்கது.