கம்மலை அடகு வைப்பதற்கு முன்னால்...

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் தெருவுக்குள் வந்துவிடுவார்கள். "எங்க காலேஜில் சீட் ரெடி, இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் ஃபீஸில் சலுகை" என்று நைச்சியமாகப் பேசுவார்கள். எதிர் வீட்டில் ரவிக்கை தைத்துக் குடும்பத்தை நடத்தும் பெண்ணிடம் இப்படி ஒருவர் பேசிவிட்டுப் போக, அவள் நேரே என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, கம்மலை வெச்சுப் பத்தாயிரம் கட்டிடட்டுமா? பாப்பா இன்ஜினீயர் ஆயிடுவாளாம்!"

அவள் மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை கவர்ன்மென்ட் ஸ்கூலில் படித்தவள். அவளுக்கு எதற்குக் கம்மல்?

தமிழ்நாட்டில் இப்படி அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு, இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. (டாக்டர் படிப்புக்கு 2020-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு 'நீட்' எழுத வேண்டும்.) அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசாங்கமே கட்டும் என்றும் அதே வருஷம் அறிவித்தார்கள். இன்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. பிளஸ் டூ மார்க்தான்.

ஒரே ஒரு விஷயம். கவுன்சிலிங் மூலமாகத்தான் சேர வேண்டும். அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டி மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்துவிட்டால் இந்தச் சலுகை போயே போச்சு! வீடு தேடி வருகிறவர் இதை மட்டும் சொல்லவே மாட்டார்.

வீட்டில் பட்டதாரியே இல்லாத குடும்பம் என்றால் 'முதல் பட்டதாரி' சலுகை ஒன்றும் உண்டு. 2010-ல் வந்தது. கவுன்சிலிங்கில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி. இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். மூத்தவன் பையனாக இருந்தால் சலுகை அவனோடு சரி. அடுத்து வரும் தங்கைக்கு இல்லை. அப்புறம், "இவளுக்கும் சேர்த்து எங்கே கட்டுவது, ஏதாவது டிகிரி படிக்கட்டும்" என்று பேச்சு கிளம்பும். நம் வீடுகளில் இது நடப்பதுதானே?

பெண்ணுக்கென்றே வந்தது 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம். அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் சேர்ந்த பெண்ணுக்கு, படித்து முடிக்கும் வரை மாதம் ஆயிரம் ரூபாய். தாலிக்குத் தங்கம் கொடுத்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். "தங்கம் போச்சே" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு நாள் தங்கத்தைவிட, படிக்கும்போது மாதாமாதம் கைக்கு வரும் ஆயிரம் மேல் என்பது என் கட்சி! நோட்டு, ஜெராக்ஸ், டிபன் செலவுக்கு அப்பாவிடம் கையேந்தாமல் இருந்தாலே பெண் பாதியில் நிற்க மாட்டாள். பணம் அவள் பெயரில் உள்ள பாங்க் கணக்குக்குத்தான் வரும். அதனால் கணக்கை முன்கூட்டியே ஆரம்பித்து ஆதாரோடு இணைத்து வையுங்கள். தபால் வழிப் படிப்புக்கு இது கிடையாது.

எதிர் வீட்டுப் பெண்ணும் நானும் அதிகம் அலைந்தது சர்டிபிகேட்டுகளுக்குத்தான். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று ஒவ்வொன்றும் தனித்தனி. எல்லாம் இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, வி.ஏ.ஓ., தாசில்தார் என்று ஏறி இறங்கி வர வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரி. அதைத் திருத்தவே பத்து நாள் ஆயிற்று. கவுன்சிலிங் தேதி நமக்காகக் காத்திருக்குமா? கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால்தான் எல்லாம் கைக்கு வந்தன. பெண்ணுக்குப் பக்கத்து ஜில்லாவில் ஒரு அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிகல் கிடைத்தது, ஹாஸ்டலோடு.

உங்கள் பிள்ளை இப்போது பிளஸ் டூ என்றால் பொங்கல் கழிந்ததுமே இந்த வேலையை ஆரம்பித்து விடுங்கள். வருமானச் சான்று ஒரு வருஷம் செல்லும், பயம் வேண்டாம். மே மாதம் போனால் இ-சேவை வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும்.