விறகு எரிகிறதா, புகைகிறதா?

இமாசலத்துக்குப் படிக்க வந்த தமிழனை முதலில் சோதிப்பது பரீட்சையன்று, காலைக் குளியல்! இங்கே பல வீடுகளில் 'ஹமாம்' என்னும் விறகு பாய்லர் உண்டு. நம் விடுதி முற்றத்தில் நிற்பது அதன் பெரிய அண்ணன். அதற்கிடும் விறகு நம் மாதக் கணக்கில்தான் ஏறுகிறது. ஆயினும் ஏழு மணிக்கு எழுபவனுக்கு வெந்நீர் இல்லை. ஏன்?

ஐந்நூறு லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 25,000 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 தரும். பாதி வெப்பம் வீணானாலும் 15 கிலோ போதும். பச்சை விறகிலோ எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கியது போக 2,000 தேறுவதே அரிது. நிறுத்து வாங்கும் நாம் தண்ணீருக்கும் விலை கொடுக்கிறோம்!

இதைவிடப் பெரிய விரயம் ஒன்று உண்டு. நெருப்பு விடியும்வரை தங்கட்டும் என்று, இரவில் கட்டைகளைத் திணித்துக் காற்றுவாயை அடைத்துவிடுகிறார்கள். நெருப்பு தங்குகிறது, உண்மைதான். ஆனால் விறகு சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்கு வாயுவாகப் பிரிகிறது. சுவாலையாக எரிய வேண்டியது அந்த வாயுவே. போதிய காற்றும் கடுஞ்சூடும் இல்லையேல் அது வெறும் புகையாய் வெளியேறிவிடும். போகிற வழியில், நீர் சூழ்ந்த குளிர்ந்த இரும்புச் சுவரில் தாராகப் படியும். சென்ற மாதம் சுரண்டிப் பார்த்தேன். நகக் கனத்துக்குக் கரி! நெருப்புக்கும் நீருக்கும் இடையே நாமே ஒரு கம்பளி போர்த்தியிருக்கிறோம். கம்பளி வேண்டியது வெளிப்புறத்துக்கல்லவா?

ஆகவே வெப்பத்தைக் கட்டையில் சேமிக்கப் பார்க்காமல், நீரில் சேமிக்க வேண்டும். மாலையில் காற்றுவாயை நன்றாகத் திறந்து, இரண்டு மூன்று மணி நேரம் சுடர்விட்டு எரிய விடுங்கள். தொட்டியைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளியும் மேலே தகரமும் கட்டினால் காலைவரை சூடு நிற்கும். அடுப்பின் உட்புறம் சூளைச் செங்கல் பதித்தால், வாயு குளிர்ந்த சுவரைத் தொடுமுன் எரிந்து தீரும். வாரம் ஒருமுறை கரியைச் சுரண்ட வேண்டும். இதற்கு முறை வைத்துக்கொள்ளலாம்.

விறகை டிசம்பரில் தேடி ஓடுவதில் பயனில்லை. ஏப்ரலிலேயே வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். கொட்டகைக்கு நாலு தகரம் போதும். அடுத்த விடுதிக் கூட்டத்தில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.