முதுகில் நீர் எடுக்க மறுக்காதீர்கள்

“முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும்.” நரம்பியல் வார்டு வாசலில் இதைச் சொல்லிக் கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கதை ஒன்றுதான். இளம்பெண்ணுக்குச் சில நாள் காய்ச்சல், தலைவலி. பிறகு தூக்கம் போகிறது. யாரோ கொல்ல வருவதாக அலறுகிறாள். மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். மனநல மருத்துவரிடம் போனாலும் மாத்திரை எழுதி அடுத்த மாதம் வரச் சொல்கிறார். அதற்குள் வலிப்பு, வாய் கோணிக் கோணி அசைகிறது, பேச்சு நிற்கிறது.

இது தன்னெதிர்ப்பு மூளை அழற்சியாக இருக்கலாம். மருத்துவர்கள் ‘ஆட்டோ இம்யூன் என்செஃபலைட்டிஸ்’ என்பார்கள். இதன் ஒரு வகையில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே மூளை நரம்பணுக்களின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகின்றன. நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழு 2007-இல் இந்த வகையை அடையாளம் கண்டது. 577 நோயாளிகளைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுக்குள் நன்கு தேறியிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம்.

‘எம்.ஆர்.ஐ. நார்மல்’ என்றதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இந்நோயில் பாதிப் பேருக்கு மேல் அது சாதாரணமாகவே இருக்கும். இ.இ.ஜி.யும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் வேண்டும். ரத்தத்தில் மட்டும் தேடினால் சிலருக்குத் தப்பிவிடும். பெண்களுக்குச் சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் அதை அகற்றுவதும் சிகிச்சைதான்.

நீர் எடுத்தால் கால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. தலைவலி சில நாள் இருக்கலாம். மூளை அழுத்தம், ரத்தக் கசிவுச் சிக்கல் இல்லை என்று பார்த்த பிறகே நீர் எடுப்பார்கள்.

செய்ய வேண்டியவை: எந்தத் தேதியில் என்ன மாறியது என்று எழுதி வையுங்கள். கைகால், வாய் அசைவுகளைக் கைபேசியில் படமெடுங்கள். மனநல மருத்துவரிடம் ‘நரம்பியல் கருத்து’ கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி. ‘அப்புறம் வாங்க’ என்றால் விதியைச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு ஸ்டீராய்டு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்பட்டால் செலவு லட்சங்களில் போகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தமிழக முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வந்தபின் ஓடாமல், இன்றே போங்கள்.

நோயாளியைச் சங்கிலியில் கட்டிவைப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. மந்திரிப்பதில் போகும் ஒவ்வொரு நாளும் மூளைக்கு நஷ்டம். மறுபடி சொல்கிறேன்: ஊசிக்கு மருத்துவர் கேட்கும் கையெழுத்தைப் போடுங்கள்.