கடைசி நாட்களுக்கு ஒரு துணை

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள் நுழைகிறவர்கள் கும்பிடும் இடங்களில் ஒன்று மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி. ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாளின் சமாதிமேல் எழுந்த கோயில் அது. 1922 மே 19 அன்று, மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அந்த அம்மாளின் உயிர் பிரிந்தது. காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை மகன் ஒரு கையைத் தாயின் தலையிலும், மறு கையை நெஞ்சின் வலப்பக்கத்திலும் வைத்தபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்படிக் கூட இருப்பதைப் பயிற்சி பெற்றுச் செய்கிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். ‘டெத் டூலா’ என்று பெயர். நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர் 2003-இல் இதற்கென்று ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். இவர்கள் ஊசி போடமாட்டார்கள், மருந்தை மாற்றமாட்டார்கள். அது டாக்டர், நர்ஸ் வேலை. குணமாகாத புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, நோயாளி யாரைப் பார்க்க விரும்புகிறார், அறையில் பாட்டு வேண்டுமா அமைதி வேண்டுமா, யாரிடம் என்ன சொல்லாமல் பாக்கி இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டு, அது நடக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

நம் வீடுகளில் இதற்குப் பெரிய தடை, “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்ற வேண்டுகோள். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் விஷயம் தெரிந்தே இருக்கும். இரு தரப்பும் நாடகம் ஆடுவதில் பேச வேண்டிய நாட்கள் கழிந்துவிடும்.

அடுத்தது சாப்பாடு. “ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்” என்று மகள் கிண்ணத்தோடு நிற்பாள். கடைசி நாட்களில் உடம்புக்குச் சோறு தேவைப்படாது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். பசியால் உயிர் போகவில்லை, உயிர் போகும் நிலை வந்ததால் பசி நின்றது என்று யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். மூச்சு விட்டுவிட்டு வருவதும், கைகால் குளிர்வதும் அப்படித்தான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நள்ளிரவில் ஆம்புலன்ஸைத் தேடி ஓட வேண்டியதில்லை. வாயை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தாலே போதும்.

ரமணருக்கே புற்றுநோய் வந்தது. இடது முழங்கைக்குக் கீழே சின்னக் கட்டி. 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள், திரும்ப வளர்ந்தது. தாயார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த மார்ச் மாதத்திலேயே இரண்டாவது அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. சார்கோமா என்றார்கள். கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. பக்தர்கள் சும்மா இருப்பார்களா? ஹோமியோபதி, ஆயுர்வேதம், பச்சிலை என்று ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்தார்கள். அவர்கள் மனம் நோகாதபடி அவரும் இடம் கொடுத்தார். இன்றைய எந்தப் புற்றுநோய் வீட்டிலும் இதே கூட்டம்தான்: சித்தப்பா ஒரு கஷாயம் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லேகியம் சொல்வார். நோயாளியின் விருப்பத்தைக் கேட்பவர்தான் குறைவு.

ரமணர் விஷயத்தில் அது கேட்கப்பட்டது. தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றார். கடைசி நாள்வரை அந்தச் சிறிய அறையின் முன்னால் தரிசன வரிசை நகர்ந்தது. இறப்பதற்கு முந்தைய நாள் டாக்டர் கொடுத்த மருந்து வேண்டாம் என்றார். அன்றிரவு பணிவிடை செய்தவர்களிடம், போய்த் தூங்குங்கள், இல்லையென்றால் தியானம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள், 1950 ஏப்ரல் 14 மாலையில், வைக்க வந்த ஆக்ஸிஜனையும் கையசைத்துத் தடுத்தார். வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தபோது, இரவு 8.47-க்கு மூச்சு நின்றது. நோயாளியே பராமரிப்பவர்களை ஓய்வெடுக்கச் சொன்னது அபூர்வம். மற்ற வீடுகளில் அதைச் சொல்ல ஒரு வெளியாள் வேண்டும்.

மகானுக்குச் சரி, மற்றவர்களுக்கு? வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அதை மருத்துவமனைகள் வாங்கி வைப்பதில் இருந்த சட்டச் சிக்கலை 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்தியது.

‘டூலா’ என்ற பெயர் இல்லாமலே அந்த வேலையைப் பக்கத்துக் கேரளம் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித் தணிப்பு அமைப்பிலிருந்து வளர்ந்த பணியில், அந்தந்த ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை தருவதும் அடக்கம். காயத்துக்குக் கட்டுப் போட அதில் ஆள் வருவார். இரவெல்லாம் கூட உட்காரத்தான் ஆள் தேட வேண்டும்.

நோயாளியின் விருப்பத்துக்குச் சட்டத்திலும் இப்போது இடம் உண்டு. வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழிவிட்டது. அப்போது மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரி முதல், இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்திட்டால் போதும்.