மூச்சுக்குள் வேலை பார்க்கும் செல்கள்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயிலில், தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தம் சானடோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோயைக் குணமாக்கும் மாத்திரை எதுவும் இல்லாத காலம். திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை.

மூச்சில் உள்ளே போகும் காற்றை மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் எதிர்கொள்கின்றன. ஒருவகைச் செல் சளியைச் சுரக்கிறது. பக்கத்துச் செல்லின் உச்சியில் சுமார் 200 நுண்மயிர்கள். அவை ஓயாமல் அசைந்து, சாலைத் தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. புகைபிடித்தால் இந்த மயிர்கள் செயலிழக்கும்.

இன்னும் ஆழத்தில் கோடிக்கணக்கான காற்றறைகள். அவற்றின் சுவரில் பெரும்பகுதியை மூடியிருக்கும் செல்லுக்கு மெல்லியதாக இருப்பதே வேலை. ஆக்சிஜன் ரத்தத்தை அடையக் கடக்கும் தூரம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெலிந்துவிட்டதால் அந்தச் செல்லால் இரண்டாகப் பிரிய முடியாது. அது அழிந்தால், பக்கத்தில் இருக்கும் பருத்த செல்தான் பெருகி இடத்தை நிரப்ப வேண்டும். மறுபக்கம் வரும் சிவப்பணுவின் தியாகம் இன்னும் பெரிது. ஹீமோகுளோபினுக்கு இடம் கொடுக்கத் தன் உட்கருவையே வெளியேற்றிவிடுகிறது. அதனால் சேதத்தைச் சரிசெய்ய வழியின்றி சுமார் 120 நாளில் முடிந்துபோகிறது.

தாவரங்களின் செல்களும் இப்படித்தான், வேலைக்கேற்ப மாறியிருக்கின்றன. 1937 முதல் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் காட்டு வளாகத்தில் எந்த இலையை எடுத்தாலும், ஒவ்வொரு நுண்துளைக்கும் இரண்டு காவல் செல்கள் இருக்கும். தண்ணீர் நிறைந்தால் வளைந்து துளையைத் திறக்கும், வற்றினால் மூடும். அந்தத் தண்ணீரை வேரிலிருந்து ஏற்றும் குழாய்ச் செல்களோ, இறந்து உள்ளே வெறுமையான பிறகுதான் வேலையைத் தொடங்குகின்றன.

காசநோய்க் கிருமி புகுவதும் ஒரு செல்லின் திறமை வழியாகத்தான். காற்றறையில் கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்றே பெருவிழுங்கி என்ற செல் இருக்கிறது. அது காசநோய்க் கிருமியையும் விழுங்கும், ஆனால் கிருமி செரிமானத்தைத் தடுத்து உள்ளேயே குடியேறிவிடும். அப்போது பெருவிழுங்கிக்கு வலுவூட்டிக் கிருமியை அடக்கிவைக்க உதவுவது சிடி4 என்ற வெள்ளையணு. அது தன் வேலைக்காக மேற்பரப்பில் வைத்திருக்கும் அதே புரதத்தைப் பிடித்துத்தான் எச்.ஐ.வி. உள்ளே நுழைகிறது. சிடி4 குறையக் குறைய, அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கும்.

காசநோய்க்கென்று தொடங்கிய மருத்துவமனை, நாட்டின் முக்கியமான எச்.ஐ.வி. சிகிச்சை மையமாகவும் ஆனதற்கு இந்தத் தொடர்பே காரணம். 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்தை வழங்கத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்கு மேல் சிடி4 இருக்கும். 200க்குக் கீழே போனால் ஆபத்து. மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிற பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் மாதங்கள் போகப்போக ஏறிவிடுகிறது.