காலாவதியான ஈஸ்ட்டுக்கு மறுபடி உயிர் வருமா?

ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் ஒரு ஈஸ்ட் பாக்கெட் கிடக்கும். பிள்ளைகள் பன் கேட்டார்கள் என்று வாங்கியது. இரண்டு ஸ்பூன் எடுத்ததோடு சரி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டு மறந்திருப்போம். திரும்ப எடுத்துப் பார்த்தால் தேதி முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். தூக்கிப் போடுவதா, போட்டுப் பார்ப்பதா?

இந்தக் கேள்வியில் நம்மைவிட அதிகம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள். பிரிட்டனில் 1963-லிருந்து அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அங்கே பொழுதுபோக்காக இதைச் செய்பவர்கள் வாங்குவது திரவ ஈஸ்ட். சின்னப் பையில், குளிர்பெட்டியில் வைத்து வரும். விலை அதிகம், ஆயுள் குறைவு. அதனால் பழைய பையை எழுப்பும் வித்தையை அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வித்தை நம் சமையலறைக்கும் உதவும்.

ஈஸ்ட் என்பது ஒரே ஒரு செல்லால் ஆன பூஞ்சை. பீருக்குப் போடுவதும் ரொட்டிக்குப் போடுவதும் பெரும்பாலும் ஒரே இனம்தான்: சாக்கரோமைசஸ் செரிவிசியே. இந்தப் பெயரின் பின்பாதியே பீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். பாக்கெட்டில் அச்சடித்த தேதியன்று அத்தனை செல்களும் ஒன்றாகச் செத்து விழுவதில்லை. அந்தத் தேதி வரை வேலைக்குத் தேவையான அளவு உயிருள்ள செல்கள் இருக்கும் என்பது கம்பெனி தரும் உத்தரவாதம், அவ்வளவுதான்.

ஒரு திரவ ஈஸ்ட் பையில் சுமார் 10,000 கோடி செல்கள் இருக்கும். குளிரில் வைத்திருந்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போகும் என்பது பீர் காய்ச்சுகிறவர்களின் உத்தேசக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஆறு மாதம் கழித்தும் கால்வாசி, அதாவது 2,500 கோடி செல்கள் மிச்சம். உயிரோடு இருந்தாலும் பட்டினி கிடந்து, சேமித்து வைத்த சத்தெல்லாம் கரைந்து துவண்டு போயிருக்கும்.

இந்த நிலையில் அதை அப்படியே 20 லிட்டர் மால்ட் தண்ணீரில் கொட்டினால் என்ன ஆகும்? மார்கழிக் குளிரில் ஒரு அண்டா பாலுக்கு அரை ஸ்பூன் மோர் ஊற்றி உறை குத்தின கதைதான். உறை எழுந்து வேலையைத் தொடங்குவதற்குள் வேறு கிருமி புகுந்து பாலைக் கெடுத்துவிடும்.

எனவே முதலில் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதன் சாற்றுப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, 20 - 25 டிகிரிக்கு ஆறவிடுவார்கள். வழக்கமாக லிட்டருக்கு 100 கிராம் போடுகிறவர்கள், பழைய ஈஸ்ட்டுக்கு அதில் பாதிதான் போடுவார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு முதல் நாளே பிரியாணி போடுவோமா? கஞ்சிதானே! கால் லிட்டர், அரை லிட்டர் என்று சின்ன அளவில் தொடங்கி, அவ்வப்போது பாட்டிலைச் சுழற்றிக் காற்று படவைப்பார்கள். பெருகுவதற்கு ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஓரிரு நாளில், சில சமயம் மூன்று நான்கு நாளில், அடியில் வெள்ளையாக வண்டல் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அந்த வண்டலை ஒன்றிரண்டு லிட்டர் புதுக் கரைசலில் விடுவார்கள். இப்படிப் படிப்படியாகத் தொகை ஏறும். இதில் பாதி வேலை சுத்தம்தான். கொதிநீர் படாத ஒரு ஸ்பூன் உள்ளே போனாலும் மொத்தமும் வீண்.

எவ்வளவு பழையதுவரை எழுப்பலாம்? இதற்கான அதிசய பதிலில் நம் நாட்டுச் சம்பந்தமும் இருக்கிறது.

1796 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கு ஒரு கப்பல் கிளம்பியது. பெயர் சிட்னி கோவ். சரக்கில் மதுவும் இருந்தது. 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியா அருகே ஒரு தீவின் கரையில் கப்பல் உடைந்தது. 1977-ல் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து நடந்த அகழாய்வுகளில் மூடி திறக்காத பாட்டில்களும் கிடைத்தன. லான்செஸ்டன் நகரில் உள்ள குயின் விக்டோரியா அருங்காட்சியகத்தின் டேவிட் துரோகுட், ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு சேர்ந்து, அந்த மிச்சத்திலிருந்து உயிருள்ள ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். 220 வருடப் பழைய பாட்டில்! அந்த ஈஸ்ட்டில் காய்ச்சிய பீர் 2018-ல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கும் வந்தது. இருட்டும் குளிரும்தான் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அதே பாட்டில் நம் தருமபுரியின் சித்திரை வெயிலில் ஒரு மாதம் கிடந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

தருமபுரியில் செய்யலாமா?

கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே உரிமம் பெற்ற மதுக்கூடங்களில் பீர் காய்ச்சும் தொட்டியைப் பார்க்கிறார்கள், இணையத்தில் 'கிட்' விற்பதையும் பார்க்கிறார்கள். ஓசூர் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். காய்ச்சுவதற்காகப் பொருளும் பாத்திரமும் வைத்திருப்பதே குற்றம்.

அந்தச் சட்டம் பிறந்ததே இந்த மண்ணுக்காகத்தான். 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்குத் தருமபுரி அதற்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜெயந்தி அன்று!

கள்ளுக்குத் தமிழகம் முழுவதும் தடை வந்தது 1987 ஜனவரி 1-ல். கள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால், அந்த விவாதத்தில் ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. கள் என்பது ஒரு ஈஸ்ட் பண்டாரமும்கூட. கேரளத்திலும் இலங்கையிலும் அப்ப மாவைப் பொங்கவைப்பது அதுதான். பாக்கெட் ஈஸ்ட் வருவதற்கு முன் நம் நாட்டில் ரொட்டி மாவுக்கும் கள்ளைத்தான் ஊற்றினார்கள். இன்று நம் வீடுகளில் இளநீரில் சர்க்கரை போட்டு இரவு முழுக்கப் புளிக்கவைத்து அப்பம் சுடுகிறோம், அல்லது கடையில் ஈஸ்ட் வாங்குகிறோம்.

கேழ்வரகையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது களி, கூழ். மாவைக் கரைத்து ராத்திரி புளிக்க விட்டால், பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியாவும் கூடவே காற்றில் வரும் ஈஸ்ட்டும் வேலை செய்து அந்தப் புளிப்பைத் தருகின்றன. இதே கேழ்வரகு சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் 'கோதோ கோ ஜாண்ட்' என்ற பானமாகிறது. அதற்கான உறையை 'மார்ச்சா' என்ற வில்லையாகத் தட்டி, பெரணி இலையில் பொதிந்து காயவைக்கிறார்கள் அங்குள்ள பெண்கள். அரிசி மாவும் சில மூலிகைகளும் சேரும். காய்ந்த வில்லை மாதக்கணக்கில் கெடாது. ஈரம் போனால் ஈஸ்ட் தூங்கும், ஈரம் பட்டால் விழிக்கும். நம் கடையில் விற்கும் உலர் ஈஸ்ட்டின் சூட்சுமமும் அதேதான்.

பாக்கெட்டுக்கு ஒரு சோதனை

இப்போது ஃப்ரிட்ஜ் கதவுக்கு வருவோம். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். 38 - 40 டிகிரி போதும். விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 55 டிகிரியைத் தாண்டினால் மிச்சம் இருந்த உயிரும் போய்விடும். ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட். உப்பு வேண்டாம். கலக்கி மூடி வையுங்கள்.

பத்து நிமிடத்தில் மேலே கெட்டியாக நுரை கட்டினால் தேதியைப் பற்றிக் கவலை இல்லை. லேசாக நாலு குமிழிதான் வருகிறதா? பீர்க்காரர்களின் வித்தை இங்கேதான் உதவும். மொத்த மாவில் கால் பங்கை மட்டும் எடுத்து, அதே அளவு தண்ணீரும் இந்த ஈஸ்ட்டும் விட்டுக் கரைத்து, எட்டு மணி நேரம் விடுங்கள். நம் வெயிலுக்கு நாலு மணி நேரமே போதும். அது பொங்கிக் குமிழ்விட்ட பிறகு மீதி மாவைச் சேர்த்துப் பிசையுங்கள்.

பாக்கெட்டைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உலர் ஈஸ்ட்டுக்கு அது நல்லது. திரவ ஈஸ்ட்டை அப்படி வைக்கக் கூடாது, பனிக்கட்டி செல்லைக் கிழித்துவிடும். பொடியில் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று பூசணம் தெரிந்தாலோ அழுகல் வாடை அடித்தாலோ சோதனையே வேண்டாம், குப்பைக்குத்தான்.

பத்து நிமிடத்தில் நுரை வரவில்லையா? இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். அப்போதும் தண்ணீர் கலங்கலாக, அசைவில்லாமல் கிடந்தால் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டுப் புதுப் பாக்கெட் வாங்குங்கள். கால் கிலோ மைதாவையும் வெண்ணெயையும் வீணாக்குவதைவிட அது மலிவு.